வெர்னன் பதக்கங்கள்: போலி வேறு, பொய் வேறு

பழம் பதக்கங்களைத் திரட்டுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்புவர். இஃது எவ்வளவு அரியது? எவ்வளவு தேயாதது? 'இது சொல்லும் செய்தி மெய்தானா?' என்னும் மூன்றாவது வினா பின்தங்கி விடுகின்றது. அவ்வினாவின் இன்றியமையாமையை உணர்த்த, ஆங்கிலக் கடற்படைத் தலைவர் எட்வர்டு வெர்னனைப் போற்றி வெளிவந்த பதக்கங்களே தக்க சான்றாகும்.

1739 அக்டோபரில் பிரிட்டன் ஸ்பெயின்மீது போர் தொடுத்தது. அடுத்த மாதமே வெர்னன், இன்றைய பனாமா நாட்டிலுள்ள போர்ட்டோ பெலோ துறைமுகத்தைக் கைப்பற்றினார். செய்தி எட்டியதும் நாடெங்கும் களிப்புப் பொங்கிற்று. அக்களிப்பை வணிகர் முதலாக்கினர். செம்பும் துத்தநாகமும் கலந்த பொன்னிற உலோகத்தில், எளியோரும் வாங்கத்தக்க பதக்கங்களை அடித்துக் குவித்தனர். ஒருபுறம் வெர்னன்; மறுபுறம் துறைமுகமும் கப்பல்களும். ஆறே கப்பல்களால் வென்றார் என்பது பொறிப்பு. சிற்ப நயம் குறைவே. ஆயினும் செய்தி மெய்.

1741-இல் நிகழ்ந்ததோ வேறு. வெர்னன் பெரும்படையுடன், இன்றைய கொலம்பியாவிலுள்ள கார்த்தஹேனாவை முற்றுகையிட்டார். துறைமுக வாயிலைக் காத்த கோட்டைகள் வீழ்ந்தன. நகரமும் வீழ்ந்ததுபோலவே பிரிட்டனில் விழா எடுத்தனர். உண்மையில் நகரம் வீழவே இல்லை. ஏப்ரலில் உட்கோட்டைமீது நடந்த தாக்குதல் முறியடிக்கப்பட்டது. மஞ்சட் காய்ச்சல் படைவீரரை ஆயிரக்கணக்கில் மாய்த்தது. மே மாதத்தில் முற்றுகை கைவிடப்பட்டது.

பதக்கங்கள் கூறும் கதை இதற்கு நேர்மாறானது. ஸ்பானியத் தளபதி பிளாஸ் தெ லெசோ வெர்னன்முன் மண்டியிட்டு வாளை நீட்டுகிறார்! லெசோ இளமையிலேயே போரில் ஒரு காலை இழந்தவர்; பின்னர் ஒரு கண்ணையும் இழந்தவர். பதக்கமோ அவருக்கு இரு கால்களையும் தந்து மண்டியிட வைக்கின்றது. நடவாத வெற்றியை வார்த்தவர்களுக்கு, இல்லாத காலை வார்ப்பது அரிதாகுமா?

இவற்றைக் கண்ட சிலர், 'பொய்ப் பதக்கம். பயனற்றது' என ஒதுக்குகின்றனர். வேறு சிலர், அச்சு வேறுபாட்டை மட்டும் எண்ணி, மெய்யையும் பொய்யையும் ஒரே தட்டில் வைத்து மகிழ்கின்றனர். அச்சு ஆராய்ச்சி எளிதன்று. 2010-இல் ஜான் ஆடம்ஸும் பெர்னாண்டோ சாவோவும் வெர்னன் பதக்கங்களுக்கென்றே தனி நூல் வெளியிட்டனர், அவ்வுழைப்பு போற்றற்குரியது. ஆயினும், அச்சின் எண்ணை அறிந்ததனால் மட்டும் பதக்கத்தை அறிந்தவராகிவிட முடியாது.

போலி வேறு, பொய் வேறு என்பதை உணர்தல் வேண்டும். பிற்காலத்தவர் ஏமாற்றுவதற்காகச் செய்த படி, போலி. கார்த்தஹேனாப் பதக்கம் அத்தகையதன்று. அக்காலத்தவர் செய்த மெய்யான பொருளே அது. அதன் வாசகமே பொய். ஆகவே, கார்த்தஹேனாவில் நடந்ததற்கு அது சான்றாகாது. ஆயினும், வெற்றிக்கு ஏங்கிய மக்கள் எதை நம்ப விரும்பினர், அந்த விருப்பத்தை வணிகர் எவ்வளவு விரைவாகக் காசாக்கினர் என்பவற்றுக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டா.

திரட்டுவோர் இரு பதக்கங்களையும் அருகருகே வைக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் நடந்தது இன்னதென எழுதி வைக்கட்டும். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இஃது அரிய துணை. இரண்டின் படங்களையும் மாணவர் கையில் கொடுத்து, எது மெய்யென ஆராயச் செய்யலாம். உலோகத்தில் பொறித்ததனாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்பதை அவர்கள் அன்றே அறிந்துகொள்வர்.