இருளுக்கும் ஓர் அளவு

ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை வானங்களை உருவாக்கலாம்? அமெரிக்க நிழற்படக் கலைஞர் அன்சல் ஆடம்ஸின் (1902–1984) ‘நிலவெழுச்சி, ஹெர்னாண்டஸ்’ எனும் புகழ்பெற்ற படம் இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. 1941ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், நியூ மெக்சிகோவின் சாலையோரம் ஒன்றில் எடுக்கப்பட்டது அது. ஒளிமானி கைக்குக் கிட்டாத அவசரத்தில், தாம் அறிந்திருந்த நிலவொளியின் அளவைக் கொண்டே ஒளிப்பதிவு நேரத்தைக் கணித்தார் ஆடம்ஸ். இரண்டாவது படத்திற்கு ஆயத்தமாவதற்குள், கல்லறைச் சிலுவைகளின் மீதிருந்த அந்திவெயில் அகன்றுவிட்டது.

அந்த ஒற்றை நெகட்டிவை அவர் முப்பதாண்டுகளுக்கும் மேலாக அச்சிட்டு வந்தார். தொடக்கால அச்சுகளில் வானம் சாம்பல் நிறம். உயரே மெல்லிய மேகக் கீற்றுகள். 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை வேதிக் கரைசலால் செறிவூட்டி, மங்கிக் கிடந்த ஊர்ப்புறத்தைத் தெளிவாக்கினார். அச்சிடும்போது வானத்தின் மீது கூடுதல் ஒளி விழச் செய்து அதனைக் கருமையாக்குவதும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 1970களின் அச்சுகளில் மேல்வானம் ஏறக்குறைய முழு இருள்.

இது மோசடியா? அல்ல என்பதே நம் கருத்து. விழி கண்டதை அப்படியே பதிக்கும் ஆற்றல் எந்தப் படச்சுருளுக்கும் இல்லை. இளமையில் பியானோ பயின்ற ஆடம்ஸ், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் அச்சை அதன் நிகழ்த்துதலுக்கும் ஒப்பிட்டார். ஏற்கத்தக்க ஒப்புமைதான். ஆயினும் நிகழ்த்துவோனுக்கும் ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையை அறிய இப்னுல் ஹைத்தம் நமக்கு உதவுகிறார். பஸராவில் பிறந்து காஹிராவில் வாழ்ந்த அப்பேரறிஞர், பதினொன்றாம் நூற்றாண்டில் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ எனும் நூலில், பார்வை உணரும் பண்புகளாக 22ஐ வகுத்துரைத்தார். ஒளியைப் போன்றே நிழலும் இருளும் அவற்றுள் தனித்தனியே இடம்பெறுகின்றன. அழகு இப்பண்புகளிலிருந்தும் அவற்றின் சேர்க்கையிலிருந்தும் பிறக்கிறது. அச்சேர்க்கையை நிறைவாக்குவது பொருத்தப்பாடு என்பது அவர் முடிவு. ஆக, இருள் என்பது ஒளியின் வெறும் இன்மையாக மட்டும் கருதத்தக்கதன்று. அதற்கும் அளவும் உறவும் உண்டு.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், கரிய வானத்திற்கும் ஒளிரும் சிலுவைகளுக்கும் நடுவே கிடக்கும் மேகத்திரளும் பனிமலைத் தொடருமே படத்தைத் தாங்குகின்றன. இடைநிறங்கள் கொண்ட அப்பட்டை இல்லையேல், வானும் மண்ணும் இரு வேறு படங்களாகப் பிளந்திருக்கும். எனினும் பிற்கால அச்சுகளில் ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது: பொழுது தொலைந்துவிட்டது. மேற்கே சாயும் சூரியனின் கடைசி ஒளியே சிலுவைகளைத் தொடுகிறது. முதன்முறை காண்பவரோ அதனை நள்ளிரவென்றே எண்ணுவார். கம்பீரம் கூடிற்று, சாட்சியம் குறைந்தது. வானம் இருண்டும் மேகக் கீற்று மறையாத அச்சுகளையே நாம் உயர்வாகக் கருதுகிறோம்.

ஆடம்ஸ் இருட்டறையில் பல்லாண்டுகள் எடைபோட்டுச் செய்ததை, இன்று கணினித் திரையில் ஒரு நொடியில் செய்துவிடலாம். புயல்மேகத்தைக் கருக்கி, பாறையிடுக்கின் நிழலையெல்லாம் வெளுப்பாக்கி உருவாகும் காட்சிகளில், ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்றே விளங்குவதில்லை. சூரியன் எங்கே நின்றது, எது நிழலில் இருந்தது என்ற இரண்டையும் மறவாதவரே உணர்ச்சியைக் கூட்டும் தகுதி பெறுகிறார்.

வானம் உயர்த்தப்பட்டதையும் மீஸான் நிறுவப்பட்டதையும் திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயம் ஒருங்கே பேசுகிறது. படத்தில் வானத்தைத் திருத்தும் கரம், அந்தத் தராசையும் நினைவிற் கொள்ளட்டும்.