ஜாவா மாட்யூல்கள்: காலம் கடந்து வந்த கட்டுப்பாடு

ஜாவா படிக்கத் தொடங்குகிறவர் சில நாட்களிலேயே பப்ளிக், பிரைவேட், புரொடெக்டட் என்ற மூன்றையும் மனப்பாடம் செய்துவிடுகிறார். வேலைக்கான நேர்காணலில் அலுக்காமல் கேட்கப்படும் கேள்வியும் அதுதான். இவை தவிர, எதையும் எழுதாமல் விட்டால் கிடைக்கும் நான்காவது நிலை ஒன்று உண்டு: அதே பேக்கேஜில் உள்ள கிளாஸ்கள் மட்டுமே பார்க்க முடியும். நான்கில் மிகப் பயனுள்ளது அதுதான் என்பேன். ஆனால் அதை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு. (புரொடெக்டட் என்றால் துணை கிளாஸ்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஜாவாவில் அதே பேக்கேஜில் உள்ள எல்லா கிளாஸ்களும் அதைத் தொடலாம். பெயர் தரும் பாதுகாப்பு உணர்வு கொஞ்சம் பொய்தான்.)

சிக்கல் பேக்கேஜைத் தாண்டும்போது தொடங்குகிறது. ஒரு பெரிய லைப்ரரியை ஒரே பேக்கேஜில் அடைக்க முடியாது. பத்து, இருபது என்று பிரித்தாக வேண்டும். ஒரு பேக்கேஜில் உள்ள கிளாஸை இன்னொன்று அழைக்க வேண்டுமானால் அது பப்ளிக் ஆக இருக்க வேண்டும். பப்ளிக் ஆக்கிய கணமே அது உலகத்தில் எல்லாருக்கும் திறந்துவிடுகிறது. ‘என் லைப்ரரிக்குள் மட்டும்’ என்று சொல்ல இடமே இல்லை. அறைக்கு அறை பூட்டு உண்டு, தெருவாசலுக்குக் கதவு இல்லை என்பதுபோன்ற வீடு.

இதில் அதிகம் அடிபட்டது ஜாவாவை உருவாக்கியவர்களே. ஜேடிகேவின் உள்வேலைக்காக எழுதப்பட்ட சன்.மிஸ்க் பேக்கேஜை வெளியார் தொடக்கூடாது என்று ஆவணங்கள் எச்சரித்தன. யாரும் கேட்கவில்லை. பேஸ்64 மாற்றத்துக்கு அதிலிருந்த கிளாஸையே பலர் பயன்படுத்தினார்கள். முறையான பேஸ்64 வசதி ஜாவா 8இல்தானே வந்தது, அவர்களைக் குறை சொல்வானேன். அன்சேஃப் என்று பெயரிலேயே எச்சரிக்கை தாங்கிய கிளாஸ், நெட்டி, கசாண்ட்ரா போன்றவற்றின் வேகத்துக்கு அடித்தளமாகிவிட்டது. அதன்பின் உள்ளே எதை மாற்றினாலும் வெளியே எதுவோ உடையும் என்ற நிலை.

தீர்வாக, பேக்கேஜ்களை மாட்யூல்களாகத் தொகுக்கும் ஜிக்சா திட்டம் 2008இல் தொடங்கியது. ஜாவா 7க்கு என்றார்கள், பிறகு 8 என்றார்கள், கடைசியில் 9க்குத் தள்ளினார்கள். 2017 மே மாதம் ஜாவா செயற்குழு வாக்கெடுப்பில் 13 பேர் எதிர்த்து, 10 பேர் ஆதரித்து, முன்மொழிவு தோற்றது. எதிர்த்தவர்களில் ஐபிஎம்மும் ரெட் ஹேட்டும் உண்டு. திருத்தங்களுக்குப் பின் மறு வாக்கெடுப்பில் 24 பேர் ஆதரித்தார்கள். ரெட் ஹேட் மட்டும் விலகி நின்றது. 2017 செப்டம்பர் 21 அன்று ஜாவா 9 வெளியானது.

மாட்யூல் அறிவிப்பு சிறியது. மூல நிரலின் தலைமாட்டில் மாட்யூல்-இன்ஃபோ என்ற ஒரு கோப்பு. நான் எதைச் சார்ந்திருக்கிறேன் என்பதற்கு ரெக்வயர்ஸ். என் பேக்கேஜ்களில் எதை வெளியே காட்டுகிறேன் என்பதற்கு எக்ஸ்போர்ட்ஸ். ரிஃப்ளெக்‌ஷன் வழியாக யார் உள்ளே துழாவலாம் என்பதற்கு ஓப்பன்ஸ். எக்ஸ்போர்ட் செய்யாத பேக்கேஜில் உள்ள கிளாஸ் பப்ளிக் ஆகவே இருந்தாலும் வெளியாருக்கு அது எட்டாது. இதைக் கம்பைலர் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவதில்லை. நிரல் ஓடும்போது ஜேவிஎம்மும் பார்க்கிறது.

இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். முன்பெல்லாம் செட்ஆக்சஸிபிள் என்று ஒரு வரி எழுதினால் பிரைவேட் மாறிகூடத் திறந்துகொள்ளும். நடைமுறையில் பிரைவேட் என்பது ஒரு வேண்டுகோளாகவே இருந்தது. மாட்யூல் வந்தபின், ஓப்பன்ஸ் தராத இடத்தில் அந்த வரி பிழையில் முடிகிறது. மொழிக்கு முதன்முறையாக உண்மையான எல்லை கிடைத்தது. கூடவே, தேவையான மாட்யூல் இல்லையென்றால் நிரல் தொடங்கும்போதே தெரிந்துவிடும். நள்ளிரவில் யாரோ ஒரு பொத்தானை அழுத்தியபின் தெரியவேண்டியதில்லை. மாட்யூல்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிச் சார்ந்திருப்பதையும் கம்பைலர் அனுமதிக்காது. ஜேலிங்க் கருவியால் தேவையான மாட்யூல்களை மட்டும் சேர்த்துச் சிறிய ரன்டைம் செய்துகொள்ளலாம். ஜேடிகேவைப் பொறுத்தவரை இந்த முயற்சி வெற்றி. இதில் எனக்கு ஐயமில்லை.

அப்ளிகேஷன் எழுதும் சாதாரணக் குழுவுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. ரெக்வயர்ஸ் வரியில் பதிப்பு எண்ணுக்கு இடமில்லை. அதை மேவன், கிரேடில் பார்த்துக்கொள்ளட்டும் என்று தெரிந்தே விட்டார்கள். ஓஎஸ்ஜிஐ போன்ற பழைய முறைகளில் பதிப்பைக் குறிக்கும் வசதி இருந்தது. ஆக, சார்புப் பட்டியலை மேவன் கோப்பில் ஒருமுறை, மாட்யூல் அறிவிப்பில் இன்னொருமுறை எழுத வேண்டும். எந்தப் பதிப்பு என்ற உண்மையான தலைவலிக்கு இரண்டாவது பட்டியல் மருந்தாகாது.

இன்னும் மாட்யூல் ஆகாத பழைய ஜார் கோப்புகளுக்கு ‘ஆட்டோமேட்டிக் மாட்யூல்’ என்று ஒரு சமரசம். ஜாரின் மேனிஃபெஸ்டில் பெயர் குறிக்கப்படாவிட்டால், கோப்பின் பெயரிலிருந்தே மாட்யூலின் பெயர் பிறக்கிறது. கோப்புக்கு வேறு பெயர் வைத்தால் மாட்யூலின் பெயரும் மாறும்! இப்படிப்பட்ட பெயரை நம்பி ஒரு லைப்ரரியை வெளியிடுவது மணலில் தூண் நடுவதுதான். அதோடு ஜேலிங்க் இத்தகைய மாட்யூல்களை ஏற்பதில்லை. ஒரே ஒரு பழைய ஜார் இருந்தாலும் முழு அப்ளிகேஷனையும் சேர்த்துக் கட்ட முடியாது.

ஸ்பிரிங், ஹைபர்னேட் பயன்படுத்துபவர்களுக்கு வேறு தொல்லை. இவை ரிஃப்ளெக்‌ஷனால் வாழ்பவை. அதனால் பேக்கேஜுக்கு ஒரு ஓப்பன்ஸ் வரி, பொறுமை போனால் மாட்யூலையே ஓப்பன் என்று அறிவித்துவிடுவது. அப்படிச் செய்தால் எல்லை கம்பைல் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. சோதனை நிரல்களும் அதே பேக்கேஜில் இருந்தபடி உள்ளே எட்டிப் பார்க்க விரும்புபவை. அவற்றை ஓட்ட பேட்ச்-மாட்யூல் போன்ற கட்டளைகளைத் திணிக்க வேண்டியிருக்கிறது.

‘இன்னாருக்கு மட்டும் எக்ஸ்போர்ட்’ என்று பெயர் சொல்லித் திறக்கும் வசதியும் உண்டு. ஜேடிகேவுக்குள் அது தவிர்க்க முடியாதது. நம் நிரலில் அது பெருகினால் அடியில் இருக்கும் மாட்யூல் தன்னைப் பயன்படுத்துகிறவர்களின் பெயர்களையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறது என்று பொருள். பிரித்த இடமே தவறு என்பதற்கு அது நல்ல அறிகுறி. மாறக்கூடிய முடிவுகளை மறைத்துவைக்கும்படி மாட்யூல்களைப் பிரியுங்கள் என்று கணினியியல் அறிஞர் டேவிட் பார்னஸ் 1972இலேயே எழுதினார். எந்த முடிவு மாறும் என்பதை எந்த மொழியும் நமக்காகக் கண்டுபிடித்துத் தராது. எல்லா பேக்கேஜ்களையும் எக்ஸ்போர்ட் செய்தாலும் கம்பைலர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறது.

கட்டுப்பாடு முழுமையாக வருவதற்கும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஜாவா 9இல், கிளாஸ்பாத்தில் இருந்தபடி ஜேடிகேவுக்குள் துழாவும் பழைய நிரல்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். 2021 மார்ச்சில் வந்த ஜாவா 16, மீறலை இயல்பாகவே தடுத்தது; கம்பைலரின் உள்ளுறுப்புகளைத் தொட்டுக்கொண்டிருந்த லோம்போக் அப்போது தடுமாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜாவா 17, ஒட்டுமொத்தமாகத் தளர்த்தும் வழியையும் மூடியது. எஞ்சியவை, குறிப்பிட்ட பேக்கேஜை மட்டும் திறக்கும் ஆட்-ஓப்பன்ஸ் போன்ற கட்டளைகள். பல நிறுவனங்களின் தொடக்க ஸ்கிரிப்டுகளில் அந்த வரிகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. யார் சேர்த்தார்கள், எதற்குச் சேர்த்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. இந்த மெதுவான போக்கை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே நாளில் பூட்டியிருந்தால் பாதி உலகம் ஜாவா 8இலேயே தங்கியிருக்கும். ஆனால் பழைய கிளாஸ்பாத் முறை அப்படியே ஓடும் என்ற சலுகையால் அறிவிப்பு எழுதும் கட்டாயமும் போய்விட்டது.

2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25, ஒரு மாட்யூல் எக்ஸ்போர்ட் செய்யும் பேக்கேஜ்களையெல்லாம் ஒரே வரியில் இம்போர்ட் செய்ய அனுமதிக்கிறது. அதற்கு உங்கள் நிரல் மாட்யூலாக இருக்க வேண்டியதில்லை. கட்டுப்பாட்டை ஏற்காதவர்களுக்கும் வசதி மட்டும் உண்டு!

பிறர் பயன்படுத்தும் லைப்ரரி எழுதுகிறீர்கள் என்றால் மாட்யூல் அறிவிப்பு எழுதுங்கள். குறைந்தபட்சம் மேனிஃபெஸ்டில் ஒரு நிலையான பெயராவது வையுங்கள். ஒரே குழு எழுதி, ஒரே குழு ஓட்டும் அப்ளிகேஷனுக்கு மாட்யூல் அறிவிப்பு தரும் பலன் உழைப்புக்கு ஈடாகாது. அங்கே செய்ய வேண்டிய வேலை வேறு. ஸ்கிரிப்டில் உள்ள ஆட்-ஓப்பன்ஸ் வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி எது இன்னும் தேவை என்று பாருங்கள். பிறகு கிளாஸ்களின் முன்னால் இருக்கும் பப்ளிக் என்ற சொல்லை நீக்கிவிட்டு கம்பைல் செய்யுங்கள். கம்பைலரும் சோதனைகளும் கேட்கும் இடத்தில் மட்டும் திரும்பச் சேருங்கள்.