பாப்பாவிடம் யார் கேட்டது?

போன மாதம் ரிங்லெட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசையில் ஓர் அம்மாவும், பேச்சு சரியாக வராத பதினைந்து வயதுப் பையனும். ஆர்டர் எடுக்க வந்தவர் அம்மாவைத்தான் கேட்டார்: "தம்பிக்கு என்ன வேணும்?" அம்மாவும் யோசிக்காமல் "மைலோ" என்றார். பையன் என் லிமாவ் ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து ராமின் 'பேரன்பு' (2019) படத்தை மறுபடி பார்த்தேன். முதல் தடவை நானும் அழுதவன்தான். இந்தத் தடவை வேறொன்று உறுத்தியது.

மூளை முடக்குவாதம் உள்ள பாப்பாவை (சாதனா) அப்பா அமுதவன் (மம்மூட்டி) தனியாக வளர்க்கிறார். மகள் வயதுக்கு வந்ததும், அப்பா நாப்கின் மாற்றிவிட வருகிறார். அவள் விடமாட்டேன் என்கிறாள். என் கணக்கில் படத்தின் முக்கியமான காட்சி இதுதான். இந்த உடம்பு தன்னுடையது என்று அவள் சொல்லிவிடுகிறாள், வார்த்தையே இல்லாமல்.

சுயநிர்ணயம் என்றதும் நமக்கு அரசியல்தான் ஞாபகம் வரும். சிறப்புக் கல்வியில் அது பாடம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, 'வேண்டாம்' என்பது, தனக்கென ஓர் இலக்கு வைப்பது, சரிவராவிட்டால் மாற்றிக்கொள்வது. கணக்கு மாதிரி இதையும் சொல்லித்தர வேண்டும் என்று மைக்கேல் வேமெயர் போன்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பல வருடங்களாக எழுதிவருகிறார்கள். பேச்சு வராவிட்டால் பட அட்டை போதும், விரலோ கண்ணோ காட்டினால் போதும்.

பாப்பாவுக்கு ஆசை இருக்கிறது என்று காட்டும் துணிச்சல் தமிழ் சினிமாவில் அபூர்வம். டிவியில் தெரியும் ஆணை அவள் முத்தமிடப் போகிறாள். அப்பா தவிக்கிறார். மகளுக்காக ஓர் ஆணைத் தேடிப் போய் அறை வாங்குகிறார். நாம் அவருக்காக அழுகிறோம். ஆனால் பாப்பாவிடம் யார் கேட்டது? கடைசியில் மகளோடு கடலில் இறங்கும்போதும் முடிவு அவருடையதுதான். கதையைச் சொல்லும் குரலும் அவருடையதே. நாப்கின் காட்சியில் 'வேண்டாம்' என்ற பாப்பாவுக்குப் படம் அதன்பிறகு பெரிதாக இடம் தரவில்லை.

அமுதவனின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. கடையில் பார்த்த அம்மாவின் அன்பிலும் இல்லை. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-லேயே வந்துவிட்டது. அது கடை மேசைவரை வர, ஆர்டர் எடுப்பவர் கொஞ்சம் திரும்பி, "தம்பி, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.