லீஸ்திராவும் சிற்றலை வானொலியும்

வானொலி வழியே நடைபெறும் நற்செய்திப் பணியைக் குறித்து வெளிவரும் அறிக்கைகளில் இரண்டு கணக்குகள் பெரும்பாலும் இடம்பெறக் காண்கிறோம். எத்தனை மொழிகளில் ஒலிபரப்பு நடைபெறுகிறது என்பது ஒன்று; நேயர்களிடமிருந்து எத்தனை கடிதங்கள் வந்தன என்பது மற்றொன்று. கேட்டவர் அதை என்னவென்று புரிந்துகொண்டார் என்னும் கணக்கை அவற்றில் காண்பது அரிது. அதை எழுதுவது எளிதன்று என்பது உண்மையே. ஆயினும் அதை எழுதாமல் விடுவதன் விளைவு எத்தகையது என்பதற்கு வட வியத்நாமில் வாழும் ஹ்மோங் மலைமக்களின் அண்மைக்கால வரலாறு தக்க சான்றாகும்.

1948-இல் மணிலாவில் தன் ஒலிபரப்பைத் தொடங்கிய தூரக்கிழக்கு ஒலிபரப்பு நிறுவனம் பின்னர் ஹ்மோங் மொழியிலும் சிற்றலையில் பேசிற்று. பேசியவர் ஜான் லீ என்னும் போதகர். லாவோஸிலிருந்து அமெரிக்காவிற்குப் புலம்பெயர்ந்த ஹ்மோங் இனத்தவர். தம் மக்களின் பழங்கதைகளையே எடுத்துக்கொண்டு, அவற்றின் வழியாக மறைநூலை விளக்குவது அவர் முறை. 1980-களின் பிற்பகுதியில், வியத்நாமின் வட மலைகளில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்த சிலர் தற்செயலாகத் தம் தாய்மொழியைக் கேட்டனர். அரசு வானொலியில் அரிதாகவே ஒலித்த மொழி அது. அண்டை வீட்டார் கூடினர், ஊர்கள் கூடின. ஊழியர் எவரும் அம்மலைகளில் கால் வைப்பதற்கு முன்பே பல்லாயிரம் பேர் முன்னோர் பீடங்களை அகற்றிவிட்டனர். இன்று வியத்நாமிய ஹ்மோங் மக்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள் என மதிப்பிடுகின்றனர். 2019-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அவ்வினத்தாரின் மொத்தத் தொகை ஏறத்தாழ 14 இலட்சம்.

இதை வானொலியின் வெற்றி எனப் பலரும் எழுதியுள்ளனர். நோயிலும் சாவிலும் ஆவிகளுக்கு எருமையும் பன்றியும் பலியிட்டு வறுமையுற்ற குடும்பங்களுக்குப் புதுநெறி பெரிய விடுதலையாக இருந்தது என்பதையும், சிதறிப்போன இனத்தாரோடு உறவுகொள்ள அது வழி திறந்தது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் நின்று ஆராய வேண்டியது ஒரு சொல்லை.

ஹ்மோங் கிறிஸ்தவர்கள் கடவுளுக்கு வழங்கும் பெயர் 'வாங் சு'. அரசன், தலைவன் என்னும் இரு சொற்கள் இணைந்தது அது. ஹ்மோங் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை ஒன்றுண்டு. இழந்த அரசை மீட்டுத்தர அவர்களுடைய அரசன் ஒரு நாள் திரும்பி வருவான் என்பது அது. எனவே 'வாங் சு வருகிறார்' என்று வானொலி கூறியபோது மலையில் இருந்தவர்கள் எதைக் கேட்டிருப்பார்கள்? பலர் தம் அரசனுடைய வருகையையே கேட்டனர். அரசும் அவ்வாறே கேட்டது. இதைச் சட்டத்திற்குப் புறம்பான பரப்புரை என்று கருதி, நம்பினோரைப் பழைய வழக்கத்திற்குத் திரும்பும்படி வற்புறுத்தியது. ஒரே சொல் கேட்போர் காதில் நம்பிக்கையாகவும் அதிகாரிகள் காதில் கலகமாகவும் ஒலித்தது.

கடவுளுக்குப் பெயரிடுவதில் உள்ள இடர்ப்பாடு தமிழ்த் திருச்சபைக்குப் புதிதன்று. சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பப்ரிசியுஸ் பராபரன் என்றார். பவர் தலைமையில் அமைந்த மொழிபெயர்ப்பு தேவன் என்றது. பிந்திய மொழிபெயர்ப்பாளர் கடவுள் என்றனர். ஒவ்வொரு சொல்லையும் ஏற்கவும் எதிர்க்கவும் நம்மிடையே சபையார் இருந்தனர், உபதேசியார் இருந்தனர், சண்டையிடுவதற்கு நாட்களும் இருந்தன. ஹ்மோங் நேயருக்கோ ஒலிபரப்பு முடிந்தபின் பெட்டியில் இரைச்சல் மட்டுமே எஞ்சியது.

அப்போஸ்தலர் நடபடிகள் 14-ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்றைக் காண்கிறோம். லீஸ்திராவில் பவுல் பேசினார். ஒரு சப்பாணி நடந்தான். உடனே மக்கள் தங்கள் லிக்கவோனிய மொழியில், தங்கள் பழங்கதையின்படியே, தேவர்கள் மனித உருவில் இறங்கிவிட்டார்கள் என்று ஆரவாரித்துப் பலியிட எருதுகளைக் கொண்டுவந்தனர். பிரசங்கம் தவறன்று, அது போய்ச் சேர்ந்த இடத்தில் வேறொரு கதை ஏற்கெனவே காத்திருந்தது. அப்போஸ்தலர் செய்தது என்ன? வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள்ளே ஓடினார்கள். அந்த ஓட்டம் அங்கே நற்செய்தி அறிவிப்பின் பகுதியே ஆகிவிட்டது. மணிலாவிலுள்ள ஒலிவாங்கியினால் இயலாத ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

உண்மையில் ஓடியவர்கள் கேட்டவர்களே. மலைகளிலிருந்து இறங்கி ஹனோயில் இருந்த திருச்சபையைத் தேடிச் சென்று, வேதாகமம் வேண்டும், கற்பிக்க ஆள் வேண்டும் என்று கேட்டவர்கள் ஹ்மோங் விவசாயிகள். எண்ணிக்கையில் மிகச் சிறியதாயிருந்த அந்தத் திருச்சபை தன்னால் இயன்றதைச் செய்தது. வானொலி அறிக்கைகளில் இவர்கள் 'பலன்' என்னும் தலைப்பின் கீழ் எண்ணப்படுகின்றனர். 'ஊழியர்' என்னும் தலைப்பின் கீழ் எண்ணப்பட வேண்டியவர்கள் என்பது நம் கருத்து.

வேறொரு முறையும் முயன்று பார்க்கப்பட்டதுண்டு. லூத்தரன் உலகப் பேரவை 1963-இல் அடிஸ் அபாபாவில் தொடங்கிய 'நற்செய்தியின் குரல்' வானொலி, நேரத்தில் 30 விழுக்காட்டை நேரடி அறிவிப்புக்கும் 70 விழுக்காட்டைக் கல்வி, செய்தி, உடல்நலம் முதலியவற்றுக்கும் ஒதுக்கிற்று. நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் வட்டாரக் கூடங்களில் அந்தந்த நாட்டாராலேயே தயாரிக்கப்பட்டது. 1977 மார்ச் 12-ஆம் நாள் எத்தியோப்பிய இராணுவ அரசு நிலையத்தைக் கைப்பற்றியதோடு அம்முயற்சி முடிந்தது. பெரும் செலவில் ஒரே நாட்டில் ஒரே நிலையத்தை நட்டது விவேகமா என்பது வேறு கேள்வி. பேசுகிறவன் கேட்கிறவன் அருகில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதுவே இங்கு நமக்கு வேண்டியது.

அருகில் எவரும் இராதபோது நேர்வது என்ன என்பதை 2011-ஆம் ஆண்டு காட்டிற்று. கலிபோர்னியாவின் ஃபேமிலி ரேடியோவில் ஹெரால்டு கேம்பிங் என்பவர், அவ்வாண்டு மே 21-ஆம் நாள் ஆண்டவர் வருவார் என்று கணித்துப் பரப்பினார். (திருச்சபைகளின் காலம் முடிந்துவிட்டது, விசுவாசிகள் அவற்றை விட்டு வெளியேற வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே போதித்து வந்தவர் அவர், வானொலி தன்னையே சபையாக எண்ணிக்கொண்டால் சென்று சேரும் எல்லை அது.) அவருடைய செய்தி ஹ்மோங் மக்களையும் எட்டியது. மே மாதத் தொடக்கத்தில் தியென் பியென் மாநிலத்தின் முவோங் நே பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் காத்திருந்தனர். தனி அரசு நாடும் கிளர்ச்சி என்று கருதிய அரசு படையை அனுப்பிக் கலைத்தது, பலர் கைதாயினர். மறு ஆண்டு கேம்பிங் தம் கணிப்புத் தவறென்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

மணிலா நிலையத்திற்கும் கேம்பிங்கிற்கும் தொடர்பு கிடையாது. எனினும் கேட்டவருக்கு வேறுபாடு எங்ஙனம் விளங்கும்? இரு குரல்களும் வானிலிருந்து வந்தன. இரண்டும் வேத வசனம் கூறின. இரண்டும் வருகையைப் பேசின. முதற்குரலை எவ்விதச் சோதனையும் இன்றி ஏற்றுக்கொள்வதே விசுவாசம் என்று பாராட்டிய நாம், இரண்டாவது குரலையும் அவ்விதமே ஏற்றவர்களைப் பேதைகள் என்று இகழ்வது நேர்மையன்று. ஆவிகளைச் சோதித்தறியும்படி யோவான் எழுதியது கூடிவாழும் சபைகளுக்கு; தனியே ஒரு பெட்டியின் முன் அமர்ந்திருப்பவருக்கு அச்சோதனையைக் கற்பிக்க யார் இருந்தனர்?

வானொலியை நிறுத்திவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. வழியும் அனுமதியும் இல்லாத மலைகளுக்கு அது சென்றது. நம்மில் யாரும் செல்லவில்லை. ஆயின் ஒரு மொழியில் ஒலிபரப்பத் தொடங்கும் எந்த நிறுவனமும், தான் வழங்கும் கடவுட்பெயர் அம்மொழியார் காதில் எக்கதையை எழுப்புகிறது என்பதை முதலில் கேட்டறிந்து, பின்னும் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தவறான புரிதல் எழுந்தபோது அதே அலைவரிசையில், அதே மொழியில் அதைத் திருத்திப் பேச வேண்டும். அறிக்கை எழுதும்போது மூன்று இலட்சம் என்னும் எண்ணை அச்சிடும் பக்கத்திலேயே முவோங் நேயின் பெயரையும் அச்சிட வேண்டும்.