இயற்கைச் சித்திர மரபும் அதன் அளவுகோல்களும்

உயிரினங்களைக் கண்ணாற் கண்டு தூரிகையால் எழுதும் வித்தை மேனாட்டாரின் தனிச் சம்பத்து என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். ஆயினும், 1770இல் அவுஸ்திரேலியாவின் கீழ்க்கரைத் தாவரங்களை முதன்முதல் விரிவாகத் தீட்டிய சிட்னி பார்க்கின்சன், கப்டன் குக்கின் கப்பலில் ஏறுவதற்கு முந்திய ஆண்டில், இலண்டனில் இருந்து இலங்கைச் சித்திரங்களையே பிரதி செய்துகொண்டிருந்தார். அச்சித்திரங்கள், 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தத் தேசாதிபதியாய் இருந்த லோட்டனுக்காக, இத்தீவில் பிறந்த பீட்டர் டி பெவேரே எழுதியவை. வளைந்து நீண்ட அலகும் கபில வயிறும் கொண்ட தேன்சிட்டு ஒன்றுக்கு 1766இல் லின்னேயஸ் லோட்டனின் பெயரைச் சூட்டினார். எழுதிய கைக்கு அப்பேறு அன்று வாய்க்கவில்லை.

குக்கின் பயணத்தில் பார்க்கின்சனுக்குக் கிடைத்த அவகாசமோ சொற்பம். செடிகள் வாடுமுன் கோட்டுருவம் வரைந்து, ஓர் இலைக்கும் ஒரு பூவுக்கும் மட்டும் வர்ணமிட்டு, எஞ்சியதைக் குறிப்பாக எழுதிவைத்த அவ்விளைஞர், 1771இல் நாடு திரும்பும் வழியிலேயே கடலில் மாண்டார். அக்குறிப்புகளைக் கொண்டு பிறர் அவற்றை நிறைவு செய்ய முடிந்தமையே இம்மரபின் முதல் அளவுகோலை விளக்கும்: வரைந்தவன் அருகில் இல்லாதபோதும் படம் சாட்சி சொல்லவேண்டும்.

தமிழகத்தில் ரங்கையாவும் கோவிந்துவும் தாவரவியலாளர் றொபர்ட் வைட்டுக்காக எழுதிய தாவரப் படங்கள், அரண்மனைச் சித்திரக்காரர் வழிவந்த நுண்கோட்டினால் சிறந்தவை. கோவிந்துவின் பெயரில் வைட் ஓர் ஓர்க்கிட் பேரினத்தையே அமைத்தார். எனினும் என் மதிப்பில் முதலிடம் இலங்கையின் பேராதனைச் சித்திரப் பள்ளிக்கே உரியது. 1823இல் அங்குள்ள பூங்காவிற் சேர்ந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்த ஹார்மானிஸ் டி அல்விஸும், அவர் மைந்தரும், மலரைப் பிளந்து கேசரங்களையும் சூலகத்தையும் தனித்தனியே காட்டினர். வண்ணத்துப்பூச்சியை எழுதும்போது அதன் புழுவையும் கூட்டுப்புழுவையும் உடன் வைத்து எழுதினர். பின்னர் வந்த ஜீ. எம். ஹென்றி, 1955இல் வெளியிட்ட பறவை நூலில், உயிருள்ள பறவையின் நிலையையும் நடையையும் பிடித்தார்.

இம்மரபைப் பயில, புத்தளத்துத் தில்லையடிப் பிள்ளைகளுக்குப் பாடத்துக்குரிய பொருள் தூரத்தில் இல்லை. புத்தளம் களப்போரத்துக் கண்டற்காடுகளில் தில்லை மரத்தை எழுதுக. ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு மரங்களில் பூப்பதால் இரண்டையும் தேடிக் காணவேண்டும். உதிருமுன் சிவக்கும் இலையையும் பச்சை இலையையும் அருகருகே தீட்டவேண்டும். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஆபத்தாகலின், கிளையை ஒடியாது, நின்ற நிலையிலேயே வரைதல் நன்று. அவுஸ்திரேலியாவின் வடகரையிலும் இதே மரம் வளர்வதனால், அங்குள்ள மாணாக்கர் எழுதும் படத்தோடு நம்மவர் படத்தை இலைக்கு இலை ஒப்புநோக்கலாம். படத்தாளின் மூலையில் திகதியும் இடமும் எழுதும்போது, வரைந்த பிள்ளையின் பெயரையும் முழுமையாக எழுதிவைக்குமாறு ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.