சிவப்பும் பச்சையும்

ஒரு கண்ணில் சிவப்புக் கண்ணாடித்தாள், மறு கண்ணில் பச்சை. இரண்டையும் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். நிறங்கள் குழைந்து ஒன்றாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் சுவர் சிவந்தது. இரண்டு மூன்று விநாடியில் ஓரத்திலிருந்து பச்சை கசிந்து, பரவி, சிவப்பை மெல்ல விழுங்கியது. பிறகு மறுபடி சிவப்பு. இடையில் கொஞ்ச நேரம் திட்டுத்திட்டாக, பாசி பிடித்த மதில்போல. அந்தத் திட்டுகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை.

சிவப்பே இருக்கட்டும் என்று மனத்தை ஊன்றிப் பார்த்தால் அது சற்றுக் கூடுதலாக நிற்கிறது, அவ்வளவுதான். பச்சை வந்தே தீருகிறது. இத்தனைக்கும் சுவர் மாறவில்லை, தாள் மாறவில்லை. கண்கள் இரண்டும் தத்தம் நிறத்தை அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. மூளை ஒன்றை முன்னே அழைத்து, மற்றதைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்கிறது. எத்தனை பொறுமையான, சத்தமே இல்லாத வேலை! கை வலிக்கும்வரை தாளை இறக்க மனம் வரவில்லை.