ஆய்வு எதற்காக? இப்னு கல்தூன் தரும் அளவுகோல்

ஆய்வைக் குறிக்க அறபியில் வழங்கும் சொல் ‘பஹ்ஸ்’. மண்ணைக் கிளறித் தேடுதல் என்பது அதன் மூலப்பொருள். கொல்லப்பட்ட சகோதரரின் உடலை மறைக்கும் வழியறியாது நின்ற ஆதமின் மகனுக்கு அவ்வழியைக் காட்டவென அனுப்பப்பட்ட காகம் நிலத்தைக் கிளறியதை, அல்மாஇதா அத்தியாயம் (5:31) இந்த வினைச்சொல்லாலேயே குறிப்பிடுகிறது. அங்கே தேவை முன்னே நின்றது. கிளறல் பின்னே வந்தது. ஆய்வுக்கும் இதுவே வரிசை. விடை தெரியாத வினா ஒன்று முதலில் இருத்தல் வேண்டும். தேடல் அதனைத் தொடர வேண்டும்.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றி நம் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகள் பல இவ்வரிசையைப் பேணுவதில்லை. ஒரு காப்பியத்தை எடுத்து அதிலுள்ள உவமைகளை எண்ணுவர்; அறபுச் சொற்களை அகரவரிசையில் அடுக்குவர்; புலவரின் புலமையைப் போற்றி முடிப்பர். உழைப்பு இருக்கிறது, வினா இல்லை. அத்தகைய கட்டுரையை வாசித்து முடித்தவர் முன்பு அறியாத எதனை அறிந்துகொண்டார் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

இக்குறையை அளந்தறிய இரவல் கோல் தேவையில்லை. 1377இல் எழுதி முடித்த ‘முகத்திமா’வில் இப்னு கல்தூன் (ரஹ்) நூலியற்றுவதற்குரிய நோக்கங்கள் ஏழு என வரையறுக்கிறார். புதிய துறையொன்றைக் கண்டு வகுத்தல், முன்னோர் நூலில் விளங்காதிருப்பதை விளக்குதல், புகழ்பெற்ற அறிஞரின் பிழையைத் தெளிந்த சான்றுடன் திருத்துதல், குறைபட்டதை நிறைவு செய்தல், ஒழுங்கற்றதை ஒழுங்குபடுத்துதல், பிற துறைகளில் சிதறிக் கிடப்பதைத் திரட்டித் தனித்துறையாக்குதல், நீண்டதைச் சாரம் கெடாமல் சுருக்குதல். முதல் நோக்கத்திற்கு உஸூலுல் ஃபிக்ஹில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆற்றிய பணியை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

இவ்வேழுக்கும் புறம்பானவை வேண்டாதவை என்பது அவர் முடிவு. முந்தியவரின் நூலைச் சொல் மாற்றியும் வரிசை மாற்றியும் தனதாக்கிக்கொள்வதை அத்தகைய வழிதவறலுக்குச் சான்றாகக் கூறுகிறார். ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 2018இல், கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக்குழு விதிமுறைகளை வெளியிட்டது. பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்கு அதில் தண்டனை இல்லை. இவ்விதி தேவையானதே. எனினும் கணினி அளப்பது சொற்களின் ஒப்புமையை மட்டுமே. ஒரு வரியைக்கூடப் பிறரிடமிருந்து எடுக்காத ஆய்வேடும் இப்னு கல்தூனின் ஏழு வாயில்களில் எதனுள்ளும் நுழையாமல் வெளியே நிற்கக்கூடும். அதனைக் கண்டறியும் பொறுப்பு நெறியாளருடையது.

ஆய்வு வகைகளையும் இந்நோக்கிலேயே காணவேண்டும். விளக்கமுறை ஆய்வு, வரலாற்றாய்வு, ஒப்பாய்வு, மூலபாட ஆய்வு என வகைகள் பல. வினாவின் தன்மையே வகையைத் தீர்மானிக்கிறது. 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘ஆயிர மசலா’வை எடுத்துக்கொள்வோம். அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவியதாக அமைந்த நூல் அது. நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் காலத்தால் முந்திய முழுமையான இஸ்லாமியத் தமிழ்க் காப்பியம் என்று அதனை நாம் நெடுங்காலமாகப் பெருமையுடன் பட்டியலிட்டு வருகிறோம். அறபியில் தோன்றி, 12ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனுக்கும் சென்ற இந்த வினாவிடைக் கதை தமிழுக்கும் மலாய்க்கும் ஜாவாமொழிக்கும் வந்தபோது என்னவாயிற்று என்ற வினாவை விரிவாக எழுப்பியவர் ரோனிட் ரிச்சி. மூன்று மொழி வடிவங்களையும் ஒப்பிட்ட அவரது நூல் 2011இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. நூல் நம்முடையது, வினா அவருடையதாயிற்று. அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் மறுப்பதற்கும் அதே அளவு உழைப்பு தேவை.

நாம் செய்யவேண்டியவை நம் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் ‘பத்ஹுத் தய்யான்’ போன்ற அறபுத்தமிழ் நூல்களைப் படிக்க அறபு எழுத்தும் பழந்தமிழும் மார்க்கச் சட்டக் கலைச்சொற்களும் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்த்துறை மாணவருக்கு எழுத்து தடையாகிறது. அறபுக் கல்லூரி மாணவருக்குத் தமிழ் தடையாகிறது. இவ்விருவரையும் ஒரே ஏட்டின் முன் அமர்த்தினால் மூலபாட ஆய்வு தொடங்கிவிடும். பல பிரதிகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தை நிறுவும் இப்பணியை அறபியில் ‘தஹ்கீக்’ என்பர். ‘ஹக்’ என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. உண்மையை உறுதிசெய்தல் என்பது பொருள்.

இனி ஆய்வுத் தலைப்புடன் வரும் மாணவரிடம் பக்க எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் இரண்டு வினாக்களைக் கேட்போம்: உமக்குத் தெரியாதது எது? அந்த ஏழனுள் உமது நோக்கம் எது? இவ்விரண்டிற்கும் விடை சொல்ல முடியாத தலைப்பு, எத்தனை பக்கங்களுக்கு விரிந்தாலும், ஆய்வாகாது.